கொடி கேட்காத கேடயம்

ஸ்கார்பி, 4 அக்டோபர் 1987

டெஸ்மண்ட்,

இந்தக் கடிதத்தை நீ திருப்பி அனுப்ப முடியாது. இதுவரை எழுதியதெல்லாம் 'வாங்க மறுப்பு' என்று உன் கையெழுத்திலேயே திரும்பி வந்துவிட்டது. இதையும் அப்படிச் செய்தால் உனக்கு ஒரு சுற்று போய்விடும். விதி பதினொன்று: பக்கத்து நாட்டு அரசர் கடிதம் எழுதினால் அடுத்த சுற்றுக்குள் பதில் போட்டாக வேண்டும். சந்தேகம் இருந்தால் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்.

ஆமாம், உன் விண்வெளி ஆட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். நீ எங்கள் மாடி அறையில் இருந்த காலத்தில் கொடுத்த முகவரிக்கு அந்தச் செய்திமடல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதில் உன் பெயரைப் பார்த்தேன். லிங்கன் நகரில் இருந்து ஆட்டத்தை நடத்துகிறாரே திரு. ஆட்காக், அவருக்கு எழுதி, உன் பக்கத்து நாடாகவே கேட்டு வாங்கினேன். நாட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். அடுப்பில் அன்று என்ன இருந்ததோ அதையே எழுதிவிட்டேன். ஆகவே நான் இப்போது புட்டிங் பேரரசி. சிரிக்காதே.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கட்டளைத் தாளை நிரப்பி அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லோருடையதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் எந்தக் கட்டத்துக்குப் போனார்கள், யார் யாரைச் சுட்டார்கள் என்று அச்சடித்து அனுப்புவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாற்பது ஆண்பிள்ளைகள் தபாலில் சண்டை போடுகிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரு கிரகமும் மூன்று கப்பல்களும் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கப்பலுக்கும் பக்கத்தில் 'கேடயம் 3' என்று போட்டிருக்கிறது. அது என்ன மூன்று? பதில் எழுது. எழுதித்தான் ஆக வேண்டும்.

உன் அக்கா,
நோரா

*

கெட்டரிங், 11 அக்டோபர்

மாட்சிமை தங்கிய புட்டிங் பேரரசிக்கு,

விதி பதினொன்றுக்குக் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுவேன். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் வராது. அதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேடயம் என்றால் தகடு அல்ல. கப்பலைச் சுற்றி ஒரு விசை. எதிரி சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வலு உண்டு. அந்த வலுவிலிருந்து கேடயத்தின் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் கப்பலைத் தாக்கும். ஐந்து வலுவுள்ள குண்டு தங்கள் கப்பல்மேல் பட்டால் மூன்று போக இரண்டு உள்ளே வரும். மூன்று வலுவுள்ள குண்டு பட்டால் ஒன்றும் வராது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கழிப்பது மொத்தத்திலிருந்து அல்ல, ஒவ்வொரு குண்டிலிருந்தும். புதிதாக வருகிறவர்கள் கேடயத்தை ஒரு வாளி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், குண்டுகள் விழ விழ அது நிறைந்து வழிந்துவிடும் என்று. இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. அது தேய்வதே இல்லை. மூன்று வலுவுள்ள குண்டுகளை ஆயிரம் பேர் ஆயிரம் தடவை சுடட்டும், உள்ளே ஒன்றுமே வராது. முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு கழித்தல். அதை எங்கே வைக்கிறோம் என்பதில் ஒரு பிரபஞ்சமே மாறிவிடுகிறது.

இவ்வளவுதான் விவரம்.

டெஸ்மண்ட் ஹர்ஸ்ட்

*

ஸ்கார்பி, 19 அக்டோபர்

டெஸ்,

'தாங்கள்' வேறா? போகட்டும். எழுதினாயே, அதுவே போதும். உறையைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ சொன்னதை மேசையில் பட்டாணியை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பட்டாணியிலிருந்து மூன்றை எடு. மறுபடி ஐந்து, மறுபடி மூன்று. பிறகு மூன்று மூன்றாக வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். கிண்ணம் காலியாகும்வரை அந்தப் பக்கம் ஒரு பட்டாணிகூடப் போகவில்லை. ஆயிரம் பேர் ஒன்றுகூடிச் சுட்டும் ஒருத்தன்மேல் கீறல் விழாது என்பது எப்படிப்பட்ட விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது, நிஜமாக. நம் ஊரில் ஒரு ஆளுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவாய் என்றாய். சரி, புட்டிங் பேரரசின் அரசாங்கச் செய்திகள் இதோ. தலைநகரில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கரி வேகவைக்கும் உலைகளும் அணைந்துவிட்டன. வேலைநிறுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட போர் அமைச்சர், உன் அத்தான் வில்ஃப், இப்போது டான்காஸ்டரில் தளபாடக் கடையில் சோபா தூக்குகிறார். அவர் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேரரசிக்குத் தலைமுடி நரைக்கிறது. இதெல்லாம் பக்கத்து நாட்டுக்குத் தெரிய வேண்டிய விவரம்தானே.

நோரா

*

கெட்டரிங், 29 அக்டோபர்

நோரா,

போர் அமைச்சரின் முதுகு ஆட்டத்தில் சேராது. இனி அவரைப் பற்றி எழுத வேண்டாம்.

கேடயத்தைப் பற்றி நான் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஒரே கட்டத்தில் நிற்கும் கப்பல்களின் கேடயங்கள் ஒன்றாகக் கூடும். கூடிய மொத்தமும் அங்கே நிற்கும் ஒவ்வொரு கப்பலையும் மூடும். என்னிடம் நான்கு கப்பல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று. ஒரே இடத்தில் நின்றால் ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குள் நிற்கிறது. அதிலேயே மிகச் சின்னதும், பழசும், ஓட்டையும்கூடப் பன்னிரண்டுக்குள்தான்.

ஆனால் ஒரு கப்பல் சுட வேண்டுமென்றால் தன் கேடயத்தைத் திறக்க வேண்டும். திறந்தால்தானே குண்டு வெளியே போகும். அந்தச் சுற்றில் அதன் மூன்று கணக்கில் சேராது. சுடுகிறவன் யாரையும் மூட முடியாது, மூடுகிறவன் யாரையும் சுட முடியாது. இரண்டில் ஒன்றை ஒவ்வொரு சுற்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவையும் ஆட்காக் தன் தூண்டில் கடை மாடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த மனுஷனை நேரில் பார்த்தால் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பிரிஸ்டலில் கிராண்லி என்று ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். அவருடைய பெரிய பீரங்கிகள் என் தாய்க் கிரகத்தை நோக்கி வருகின்றன. ஒரு குண்டுக்கு வலு இருபது. பன்னிரண்டு போக எட்டு உள்ளே வரும். இரண்டு மூன்று சுற்றில் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. கிரகம் போனால் ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும். இந்த ஊரில் எனக்குக் கிடங்கு வேலையும் வாடகை அறையும் உண்டு, பேச ஆள் கிடையாது. இரண்டு வருஷமாக இந்த ஆட்டத்தில்தான் நான் யார் என்று யாருக்கும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறேன். அதுவும் போகப்போகிறது.

நீ கிட்டே வராதே. என் கட்டத்துக்குள் வேற்றுக் கொடி நுழைந்தால் சுடுவதுதான் முறை. நானும் சுடுவேன்.

டெஸ்

*

ஸ்கார்பி, 8 நவம்பர்

டெஸ்,

கட்டளைத் தாளை நிரப்பித் தபாலில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூன்று கப்பல்களும் உன் கட்டத்துக்கு வருகின்றன. சுடுவதென்றால் சுட்டுக்கொள். உன் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு வருஷம் இருந்தாயிற்று. இனி என்னால் முடியாது.

நோரா

*

கெட்டரிங், 24 நவம்பர்

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முடிவுத் தாள் இன்று காலை வந்தது. கிராண்லி முழுப் படையோடு வந்திருக்கிறார். முப்பது பீரங்கி. கட்டத்தில் என் நான்கு கப்பல்கள், உன் மூன்று. ஆட்காக் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வரி அச்சடிப்பார், உனக்கும் அந்தத் தாள் வந்திருக்கும். முதல் குண்டு, வலு இருபது, சேதம் பூச்சியம். இரண்டாவது, பூச்சியம். அச்சு இயந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் பூச்சியம். கடைசி வரி வரைக்கும் பூச்சியம்.

வேலைக்குப் போகவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் கூட்டினால்தான் விடை வருகிறது. என்னுடைய பன்னிரண்டு, உன்னுடைய ஒன்பது. இருபத்தொன்று. இருபது வலுவுள்ள குண்டு இருபத்தொன்றில் மோதினால் என்ன ஆகும்? கேடயம் யாருடைய கொடி என்று கேட்கவே இல்லை, அக்கா. அந்தக் கட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்தது. நாம் எதிரிகள். விதிப்படி எதிரிகள். எதிரிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

எத்தனையோ வருஷம் ஆடியும் இப்படி ஒன்று நடந்ததாக எந்தச் செய்திமடலிலும் நான் படித்ததில்லை. எப்படி நடந்திருக்கும்? வேற்றுக் கப்பல்கள் ஒரே கட்டத்தில் சந்தித்தால் எல்லோரும் சுடுவார்கள். சுட்டால் கேடயம் திறக்கும், கூட்டல் உடையும். யாருமே சுடாமல் நின்றால்தான் இது தெரியவரும். நீ சுடும் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறாய். மறந்துவிட்டாய்தானே? உன்னை எனக்குத் தெரியும்.

நான் மறக்கவில்லை. உன் கப்பல்களைச் சுடச் சொல்லி எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். என் கப்பல் ஒன்று சுட்டிருந்தாலும் பதினெட்டாகியிருக்கும், ஒவ்வொரு குண்டிலும் இரண்டு உள்ளே வந்திருக்கும். அந்தத் தாளை இப்போது பார்க்கவே பயமாக இருக்கிறது.

இவ்வளவு பெரிய விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆட்காக்குக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். இப்படி ஒரு விதியை ஒளித்து வைத்திருக்கிறீர்களே, நீங்கள் மனுஷனா மகானா என்று கேட்டிருக்கிறேன்.

டெஸ்

*

ஸ்கார்பி, 6 டிசம்பர்

அட முட்டாளே,

உன்னை யார் அவருக்கு எழுதச் சொன்னது? புதுச் செய்திமடலைப் பார்த்தாயா? 'கெட்டரிங் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிழை' என்று போட்டிருக்கிறார். கொடியைச் சரிபார்க்கும் வரியைக் கம்ப்யூட்டரில் எழுத அவர் மறந்துவிட்டாராம். விதி அல்லவாம், வெறும் மறதியாம். கிறிஸ்துமஸ் சுற்றிலிருந்து ஒரே கொடியுள்ள கேடயங்கள் மட்டும்தான் கூடுமாம். உனக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார். ஒளித்து வைத்த நகையைத் திருடனிடமே காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டவன் நீ ஒருத்தன்தான்.

உன்மேல் கோபப்பட்டாலும் எனக்குப் புரிகிறது. எனக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல்தான் இருந்தது. அந்தத் தாளை மேல்கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த நேரத்தில் சுரங்கக் கழிவு மேட்டுக்குப் போனேன். உலைகள் அணைந்த பிறகு இங்கே நட்சத்திரம் தெரிகிறது, டெஸ். நாம் வளர்ந்த காலமெல்லாம் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் வானமே தெரியாமல் இருந்தது. இப்போது அண்ணாந்தால் கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். அங்கே எங்கேயோ ஏழு கப்பல்கள் நிற்கின்றன, குண்டு மேல் குண்டாக வந்து ஒன்றுமில்லாமல் போகிறது என்று நினைத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை, போய் நின்றேன், அவ்வளவுதான். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

வில்ஃப் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். மறைக்கத் தோன்றவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு, "அந்தக் கருங்காலியோட ஒரே கட்டத்துல நீ நிக்கிறியா?" என்றார். "ஆமா, நிக்கிறேன்" என்றேன். டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

இப்போது என்ன செய்வது? சொல்.

நோரா

*

கெட்டரிங், 10 டிசம்பர்

அக்கா,

செய்வதற்கு ஒன்றும் இல்லை. உன் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ. நீ சின்ன நாடு, கிராண்லி உன்னைச் சீண்ட மாட்டார். இங்கேயே நின்றால் உன் ஒன்பது தனி, என் பன்னிரண்டு தனி. இரண்டு பேரும் போய்விடுவோம். நான் ஒருவன் போனால் போதும். நீ ஆட்டத்தில் இரு, கற்றுக்கொண்டு வருகிறாய்.

பிழை என்று ஆட்காக் சொல்லிவிட்டார். இருக்கட்டும். அவர் மறந்த ஒரு வரியில் நான் பார்த்ததை அவரால்கூட அழிக்க முடியாது. நான் பார்த்துவிட்டேன்.

நீ ஆட்டத்துக்கு வெளியே நிறையப் பேசிவிட்டாய். நானும் ஒன்று சொல்கிறேன். வேலைநிறுத்தத்தில் பதினோரு மாசம் அவர்களோடு வெளியே நின்றேன், அதற்கு மேல் முடியாமல் வேலைக்கு உள்ளே போனேன். சுரங்க வாசலில் என்னை ஏற்றி வந்த வண்டி நுழைந்தபோது கூட்டத்தில் உன்னைப் பார்த்தேன். எல்லோரும் கத்தினார்கள். நீ கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாய். கத்தியவர்களை எல்லாம் நான் மறந்துவிட்டேன். உன்னைத்தான் மன்னிக்க முடியாமல் இருந்தேன், எனக்காக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நின்றாளே என்று. அந்த முடிவுத் தாளைப் பார்த்த பிறகுதான் வேறு மாதிரி நினைக்கத் தோன்றியது. அத்தனை பேர் நடுவில், புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டு, நீ ஒருத்தி சுடாமல் இருந்திருக்கிறாய்.

போய்விடு. இந்தச் சுற்றோடு நான் வெளியே. அதன்பிறகு விதி பதினொன்று நம்மைக் கட்டாது. இதுவரை எழுதியதற்கு நன்றி.

டெஸ்

*

ஸ்கார்பி, 14 டிசம்பர்

டெஸ்,

விதிப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். உனக்குக்கூட மறந்துபோன ஒரு பத்தி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: கப்பல் ஒப்படைப்பு. ஒரு அரசர் தன் கப்பல்களையும் கிரகத்தையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்தவர் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டும்.

மூன்றையும் உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று காலைத் தபாலில் போயாயிற்று, திரும்பக் கேட்க முடியாது. இனி ஏழும் உன் கொடி. இருபத்தொன்று இருபத்தொன்றாகவே இருக்கும், ஆட்காக் எந்த வரியை வேண்டுமானாலும் எழுதட்டும். சுடும் பத்தியை வெறுமையாக விடு, அது போதும்.

இதனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். நான் இப்போது பேரரசி இல்லை, பக்கத்து நாடும் இல்லை. நீ எனக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. உன் கடிதத்துக்காகத்தான் நான் இதில் சேர்ந்தேன், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் உனக்கு நிம்மதியான இடம் அது ஒன்றுதான் என்று எழுதினாயே. அதை ஒரு பல் மருத்துவர் பிடுங்கிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தபால்காரரை எதிர்பார்த்து இரண்டு மாசம் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் இதைச் செய்தேன் என்று வில்ஃபிடம் சொன்னேன். நீ உள்ளே போன கதையை அவர் மன்னிக்கவில்லை, மன்னிப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அடுப்பைக் கிளறிக்கொண்டே, "வந்தான்னா கதவைத் திறப்பேன். பேசுவேனான்னு தெரியாது" என்றார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கெட்டரிங், 3 ஜனவரி 1988

அக்கா,

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானாக எழுதுகிறேன்.

நேற்று முடிவுத் தாள் வந்தது. கிராண்லி இந்தத் தடவை நாற்பது பீரங்கியோடு வந்தார். எல்லா வரியும் பூச்சியம். கப்பல்களின் பட்டியலில் என்னுடைய நான்குக்குக் கீழே புட்டிங் ஒன்று, புட்டிங் இரண்டு, புட்டிங் மூன்று என்று இருக்கிறது. பெயரை மாற்றலாம் என்று ஆட்காக் குறிப்பு எழுதியிருந்தார். மாற்ற மாட்டேன். கிராண்லி இன்னொரு பக்கம் திரும்பிவிட்டார், எனக்கு ஒரு அட்டையும் அனுப்பியிருக்கிறார். நாற்பது குண்டில் ஒன்றுகூட நுழையாததைப் பார்த்து, தன் நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருந்த நோயாளியையே மறந்துவிட்டாராம்.

நானும் அந்தத் தாளோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷம் வரவில்லை. இவ்வளவும் எனக்காக ஒருத்தி செய்திருக்கிறாளே என்ற மலைப்புதான் இருந்தது. உன்னிடம் இருந்தது மூன்றே மூன்று, அக்கா.

நான் உள்ளே போனது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அத்தான் கடைசிவரை வெளியே நின்றதும் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படி வாழ்வதென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் பேச வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் டான்காஸ்டரில் இருந்து வரும் பஸ்ஸில் வருகிறேன். சந்தை நிறுத்தத்தில் இறங்கி உன் வீட்டுக்கு வர, தொழிலாளர் கிளப் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். பின்சந்து வழி எனக்குத் தெரியும், ஆனால் அதில் வர மாட்டேன். என்ன சொன்னாலும் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீயும் யாரையும் எதுவும் சொல்லாதே, சண்டைக்குப் போகாதே.

நிறுத்தத்துக்கு மட்டும் வந்துவிடு. என் பக்கத்தில் நடந்து வா.

டெஸ்